இரண்டு போனில் எடுத்த என் முகம்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியூர் மொத்த வியாபாரிகளிடம் போனில் பேசுவதும், புதிதாக வந்த பெட்டிகளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவதும்தான் என் வேலை. பழைய போன் நாலு படம் அனுப்புவதற்குள் சூடேறி அணைந்துபோகும். சீசனுக்கு முன்னால் நல்லதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று சித்திரையிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டேன். எந்தக் கம்பெனி எத்தனை வருஷம் ஆண்ட்ராய்டு அப்டேட் தருகிறது, பாதுகாப்பு அப்டேட் அதற்குப் பிறகும் வருமா, எதில் நாம் கேட்காத ஆப்பும் விளம்பரமும் கூடவே வருகின்றன என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். "மாப்பிள்ளை பாக்குறப்பகூட உங்க வீட்டுல இம்புட்டு விசாரிக்கலையே" என்று சிரிப்பார். கடைசியில் இரண்டு போன் நின்றன. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்கு அப்டேட் பல வருஷம் வரும்; ஆனால் சார்ஜ் மெதுவாக ஏறும். மற்றதில் கேமரா அருமை, சார்ஜ் படு வேகம். அப்டேட் சீக்கிரமே நின்றுவிடும். நான் முதலாவதை முடிவு செய்துதான் வீட்டுக்காரரோடு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். இடது கன்னம் வெளியே பார்த்தபடி இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி, சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது குச்சிக் கட்டு பற்றிக்கொண்டது. இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரியும்.

கடையில் ஒரு பெண் இரண்டு போனையும் எடுத்து வைத்தாள். "கேமரா பாத்துருங்கக்கா, இங்கன பாருங்க" என்று நான் தலையைத் திருப்புவதற்குள் இரண்டிலும் படம் எடுத்துவிட்டாள். இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில், என் புடவையைக் கட்டிக்கொண்டு, வழுவழுவென்ற கன்னத்தோடு ஒருத்தி இருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கும் அப்போதுதான் உறைத்தது. "இதுல பியூட்டி மோடு ஆன்ல இருக்குக்கா, அதான்..." என்று இழுத்தாள். பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி எட்டிப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் அந்த இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோதே தழும்பு இருந்தது. அது இல்லாத என் முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதையே வாங்கிக்கிருவோம்" என்றேன்.

"அப்டேட் வராதுன்னு சொன்னியே?"

"சார்ஜ் சீக்கிரம் ஏறும்ங்க. சீசன்ல அதுதான் முக்கியம்."

அவர் தலையாட்டினார்.

கடைப் பெண்ணிடம் கேட்டு வாங்கிய அந்தப் படத்தையே வாட்ஸப்பில் என் முகப்புப் படமாக வைத்தேன். வியாபாரிகள் சிலர் "படம் நல்லா இருக்குங்க மேடம்" என்று அனுப்பினார்கள். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.

ஆவணியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சரக்கை நேரில் பார்க்க வந்தார். மாதக்கணக்காக என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர். நான் எழுந்துபோய் வாங்க என்று கும்பிட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக அறைக்குள் தேடினார்.

"ஆர்டர் எடுக்கற புள்ளை எங்கீங்? போட்டோல இருக்குமே, அந்தப் புள்ளை."

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவங்க இன்னைக்கு லீவு" என்றேன்.

"அடடா, சொல்லிப்போட்டுத்தானுங் வந்தேன். இருங்க, ஒரு போன் போட்டுப் பாக்கறேன்."

என் கையிலிருந்த போன் அடித்தது. அவர் பெயர் திரையில் பளிச்சென்று தெரிந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேஜையில் பில் போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த அம்மா தன் போனை மெதுவாகப் பைக்குள் வைத்தார். "கண்ணாடி போடாம வந்துட்டனுங். கொரலக் கேட்டாச்சும் தெரிஞ்சிருக்கோணும் எனக்கு" என்றார். அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது.

அன்று முழுக்க அவருக்குப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினேன். அவர் ஒரு தடவைகூட என் இடது பக்கம் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கார் கிளம்பிய பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸப்பிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டேன்.

மூன்றாவது வருஷம் அந்தப் போனுக்கு அப்டேட் நின்றது. பிறகு ஒரு நாள் பேங்க் ஆப், இந்தப் போனில் இனி திறக்க முடியாது என்றது. என் வீட்டுக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்புட்டு விசாரிச்சு வாங்குனியே, அப்டேட் நிக்கும்னு தெரிஞ்சும் ஏன் இதை எடுத்த?"

அப்போது சொன்னேன். சார்ஜுக்காக வாங்கவில்லை என்றும், எதற்காக வாங்கினேன் என்றும். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கும் அன்னைக்கு அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு" என்றார். "உங்கிட்டச் சொன்னா மனசு நோகும்னுதான் சொல்லலை."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்.

அடுத்த வாரம் அதே கடையில், முன்பு வேண்டாமென்று விட்ட கம்பெனியின் போனை வாங்கினோம். கேமராவைத் திறந்து காட்ட வந்த பையனிடம், பட்டாசுப் பெட்டிதான் எடுப்பேன், எழுத்துத் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்றேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. அப்டேட் தவறாமல் வருகிறது. வாட்ஸப்பில் என் படம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனியின் சரவெடிப் பெட்டி இருக்கிறது. என் படத்தை வைக்க இன்னும் மனசு வரவில்லை.