இரண்டு பர்சென்ட் பெரிய எஞ்சின்

1. நுனிக்காலில் நின்ற எஞ்சின்

எஞ்சினைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தோம். அது உட்காரவில்லை.

ரயில் சக்கரத்துக்கு உள்பக்கமாக ஒரு விளிம்பு உண்டு. அது தண்டவாளத்துக்கு உள்ளே இறங்கி நின்றால்தான் வண்டி தடம் புரளாது. என் எஞ்சினோ, புதுச் செருப்புப் போட்ட மாப்பிள்ளை சேற்றைத் தாண்டுகிற மாதிரி, எல்லா விளிம்புகளையும் தண்டவாளத்தின் தலைமேல் ஊன்றிக்கொண்டு நுனிக்காலில் நின்றது. ஒரு விரலால் தொட்டேன். பொத்தென்று ஒருபக்கமாகச் சாய்ந்தது.

மறுநாள் காலை திறப்பு விழா.

மாடல் ரயில் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் பெயின்ட் பற்றிக் கேட்கிறார்கள், ரிவெட் பற்றிக் கேட்கிறார்கள். பயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு மிக நன்றாகத் தெரிந்தது அதுதான். ஆகவே எழுதுகிறேன்.

2. காலியாக வைத்த பெஞ்ச்

இந்தத் தொழிலுக்கு வருமுன் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டீல் ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் செய்கிற பட்டறையில் இருந்தேன். எந்தப் பொருளை இரும்பில் வார்க்க வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்வோம். அதுதான் பேட்டர்ன். அதை மணலில் அழுத்திப் பள்ளம் எடுத்து, உருக்கை ஊற்றுவார்கள். பட்டறை மாரப்பன் மேஸ்திரியுடையது. வேலையை விட்டுவிட்டு மாடல் ரயில் செய்யப்போகிறேன் என்றதும் அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பொம்ம செய்யப் போறயா? போ கண்ணு, போயிட்டு வா. உன்ற பெஞ்ச ஆருக்கும் குடுக்க மாட்டேன். எப்படியும் திரும்பி வருவயில்ல? அப்ப உக்கார எடம் வேணுமல்லோ!"

முதல் ஆர்டர் அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்தது. ரயில் வேகன்களுக்குப் பிரேக் பாகங்கள் வார்க்கும் கம்பெனி. முதலாளி சாந்தாமணி அம்மா. வரவேற்பு ஹாலில் ஒரு டீசல் எஞ்சின், திறந்த வேகன்களை இழுத்துக்கொண்டு வட்டமாக ஓட வேண்டும். அசலில் பத்தில் ஒரு பங்கு.

அந்த அம்மா அதிர்ந்து பேச மாட்டார். "ஓடுச்சுன்னா வருசத்துக்கொரு வேகன் நீங்கதானுங்க செஞ்சு சேக்கோணும். ஓடலீன்னா ஒண்ணும் மோசமில்லீங்க. வண்டியக் கண்ணாடிப் பொட்டியில வெச்சுக்கறேன். நீங்க பழைய சோலிக்கே போயிக்கலாமுங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என் கழுத்தில் கத்தி வைத்ததில்லை. போதாக்குறைக்கு, கம்பெனிக்குப் பேட்டர்ன் கொடுப்பவர் என்ற முறையில் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் யார்? மாரப்பன் மேஸ்திரி.

3. துடைத்தெடுத்த துரு

நடுவில் ஒரு கதை. வேகனுக்குக் கதவு, கீல், கொக்கி எல்லாம் வைத்து, பித்தளை ஊசியின் தலையை வெட்டி வரிசையாக ரிவெட் பதித்தேன். கடைசியில் அடிப்பக்கம் காவிப் பொடியும் கரிப் பொடியும் தடவி, பத்து வருஷம் நிலக்கரி சுமந்த தோற்றம் கொண்டுவந்தேன். அதுதான் இந்தத் தொழிலின் உச்சம் என்று எனக்கு நினைப்பு.

சாந்தாமணி அம்மா பட்டறைக்கு வந்து பார்த்தார். "ஏனுங்க, புது வண்டிக்கு எதுக்குங்க துரு?"

"அசல் மாதிரி இருக்கட்டுமுன்னுங்க…"

"அசல்லயே நம்ம பார்ட் துருப் புடிக்காதுன்னு சொல்லித்தானுங்க யாவாரம் பண்றோம்." கைத்துண்டை எடுத்து, என் பத்து வருஷ நிலக்கரியை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். மற்ற வேகன்களை நானே கழுவினேன்.

4. இரண்டு நேர்மையாளர்களின் சண்டை

இப்போது சாய்ந்த எஞ்சினுக்கு வருவோம். சக்கரங்களை லேத்தில் கடைந்தவர் உக்கடத்து ரஃபீக் பாய். அவற்றை ஆக்சிலில் அழுத்தி, இடைவெளி பார்த்துப் பூட்டியது நான். தண்டவாளம் போட்டது பாய். நம் பிராட்கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லி. பத்தில் ஒன்று என்றால் 167.6. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

என் ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தை அளந்தேன். குறைவு! என் உயிர் திரும்பியது.

"பாய், கவுத்துப்போட்டீங்களே! தண்டவாளம் மூணு மில்லி குறுகலு!"

பாய் தன் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது. சக்கரத்தில் வைத்துக் காட்டினார். மூன்று மில்லிக்கு மேல் அகலம்.

"உங்க வெர்னியர் கீழ விழுந்திருக்கும்!"

"மாப்ள, விழுந்தது உங்க எஞ்சின். வெர்னியர் என்ற கையில பத்திரமா இருக்குது."

நான் மறுபடி சக்கரத்தை அளந்தேன். என் ஸ்கேலில் அது கச்சிதம். இப்படியே அவர் அளக்க, நான் அளக்க, காப்பி ஆறி ஆடை படிந்தது. கடைசியில் பாய் என் ஸ்கேலைப் பிடுங்கித் தன் ஸ்கேலோடு சேர்த்து மேஜையில் வைத்தார். பூஜ்யமும் பூஜ்யமும் ஒட்டி நின்றன. மறுமுனையில் என் முப்பது சென்டிமீட்டர், அவருடைய முப்பதைத் தாண்டி ஆறு மில்லி வெளியே போயிருந்தது.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உருக்கு ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு இரண்டு. அதற்காகப் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது என்பதால், கோடுகளையே கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் எங்கள் தொழிலில் உண்டு. கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். என் சட்டைப்பையில் இருபது வருஷமாக இருந்தது அதுதான். அதைத் தவிர வேறு ஸ்கேல் நான் தொட்டதே இல்லை. தச்சர் சொன்ன கதவு உயரத்துக்கு வீட்டுத் திரைச்சீலைத் துணியை அளந்து வெட்டியதும் அதில்தான். அது ஏன் தரையைக் கூட்டுகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

5. பழனிக்குப் பஸ்

அடுத்துச் செய்தவற்றைப் பெருமையில்லாமல் சொல்கிறேன். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டேன். பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டால் மேஸ்திரிக்கு அடையாளம் தெரியாமல் போகுமா என்று யோசித்தேன். அப்போது போன் அடித்தது. சாந்தாமணி அம்மா.

"ஏனுங்க, எல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்கம்மா. இப்பக்கூட அதுலதான் உக்காந்திருக்கறனுங்க."

கதவை பாய் தட்டினார். "மாப்ள, வெளிய வாங்க. சக்கரத்தக் கழட்டி உள்ள தள்ளிப்போடலாம்."

"முடியாது பாய். கியரோட சேத்துப் பின் அடிச்சுப் பூட்டியாச்சு. பிரிச்சா ஒரு வாரம் ஆகும்."

"வேகன் சக்கரம்?"

"அதுவும் அதே ஸ்கேலு."

"எஞ்சின் பாடி? கொக்கி?"

"எல்லாமே அதேதான் பாய்! ஒண்ணையும் உடல!" கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் காதில் விழுந்தது. ஒன்றையும் விடவில்லை. எஞ்சின், வேகன், கொக்கி, கதவு எல்லாமே ஒரே அளவுக்குப் பெரியவை. அப்படியானால் வண்டி தப்பில்லை. இந்த உலகத்தில் என் ஸ்கேலோடு ஒத்துப்போகாத பொருள் ஒன்றே ஒன்றுதான்.

தாழைத் திறந்தேன். "பாய், உங்க தண்டவாளத்தப் பெருசாக்கோணும்."

"கெரகம்! தப்புப் பண்ணது நீங்க, சரியா இருக்கறத நான் தப்பாக்கோணுமா?"

"ஆமாங்க பாய்."

திட்டிக்கொண்டேதான் செய்தார், ஆனால் செய்தார். எஞ்சின் சக்கரத்தையே வைத்து அளந்து ஒரு மரக்கட்டை வெட்டினோம். இனி அதுதான் கேஜ். உள்வட்டத் தண்டவாளத்தின் திருகுகளைக் கழற்றி, பழைய ஓட்டைகளில் மூங்கில் குச்சியைப் பசையோடு அடைத்து, கட்டை சொன்ன இடத்தில் புது ஓட்டை போட்டோம். வட்டம் சிறிதானதால் மிஞ்சிய துண்டை பாய் ஹேக்ஸாவால் அறுத்தார். பொழுது சாய்வதற்குள் எஞ்சினைத் தூக்கி வைத்தோம். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நிகரான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

6. பத்தில் ஒரு பங்கு எலுமிச்சை

மறுநாள் காலை பூமாலை, கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் தயார். மேஸ்திரி முன்வரிசையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சுவிட்சில் கை வைத்தேன்.

"இருங்க, இருங்க." சாந்தாமணி அம்மா ஒரு தட்டோடு வந்தார். தட்டில் எலுமிச்சம்பழங்கள், ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. "புது வண்டிங்க. சக்கரத்துக்கடியில வெக்காம எடுக்கலாமுங்களா?"

சக்கரத்தின் உயரமே ஒரு சாண் இல்லை. இந்தப் பழத்தில் ஏறினால் எஞ்சின் நேராகச் சிறப்பு விருந்தினர் மடியில்தான் இறங்கும். ஆனால் பயந்தவன் வாய்க்கு ஒரு குணம் உண்டு. மூளையைக் கேட்காமலே அது பேசிவிடும்.

"அம்மா, வண்டி பத்துல ஒரு பங்குங்க. எலுமிச்சையும் பத்துல ஒரு பங்காத்தானுங்க வெக்கோணும். இல்லீன்னா சாங்கியம் பலிக்காதுங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "அதுவும் நாயந்தானுங்க," என்றவர் வாசல் பக்கம் திரும்பினார். "ஏனுங்க செக்யூரிட்டி, செவுத்தோரம் மணத்தக்காளிச் செடி இருக்குதுல்லீங்க? நாலு பழம் பறிச்சுட்டு வாங்க."

நாலு மணத்தக்காளிப் பழங்களுக்கும் குங்குமம் வைத்துச் சக்கரத்தடியில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டேன். பச்சக், பச்சக். எஞ்சின் அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. வேகன்கள் ஒவ்வொன்றாகக் கொக்கி இழுபட்டு, டக் டக்கென்று பின்னால் போயின. முதல் சுற்று. இரண்டாம் சுற்று. சாந்தாமணி அம்மா கை தட்டினார், ஹாலே தட்டியது. பாய் மட்டும் தன் தண்டவாளத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றதும் மேஸ்திரி எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்தார். பாய் என் முழங்கையைக் கிள்ளினார். மேஸ்திரி தண்டவாளத்தை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"நூத்தி அறுவத்தேழரைக்கு ஒரு துளி மேல. பிராட்கேஜுக்குக் கணக்கு அதேதான். முடியளவு பிசகில்லியே கண்ணு!"

பாய்க்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே ஓடினார். மேஸ்திரி வைத்திருந்ததும் அதே கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல்தான்.

ஸ்கேலைப் பைக்குள் செருகிவிட்டு என் தோளில் கை வைத்தார். பிறகு சொன்னார்: "உன்ற பெஞ்சுல நாளைக்கே வேற ஆளப் போட்டுக்கறேன்."

அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு வண்டிக்கு ஒரு ஸ்கேல். நடுவில் மாற்றாதீர்கள். இப்போது என் பட்டறையில் எல்லாரும் வைத்திருக்கும் ஸ்கேல்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, அவிநாசி வண்டிக்குப் புது வேகன் செய்யும்போது மட்டும் பழைய ஸ்கேலைப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன். அந்த வண்டிக்கு அதுதான் சரியான அளவு. வீட்டுத் திரைச்சீலை இன்னும் தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.