ஈரச் சுவரோரம் ஒரு புத்தகக்கடை

கொடைக்கானலில் பழைய புத்தகக்கடை நடத்துவது என்றால், வெயில் வந்ததும் புத்தகங்களைக் காயப்போடுவது, மழை வந்ததும் அள்ளுவது. நடுவில் நேரம் கிடைத்தால் விற்பது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல.

நாயுடுபுரத்தில் என் கடையை ஒட்டிய அறையில், கட்டிட உரிமையாளர் செல்லையா தன் மகனுக்கு பிரவுசிங் சென்டர் வைத்துக் கொடுத்தார். ஊரெல்லாம் ஈமெயில் ஐ.டி. தேடி அலைந்த காலம் அது. இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். ஒருநாள் செல்லையா என் கடைக்கு வந்தார். "இனிமே யாருங்க புஸ்தகம் படிக்கப் போறா? சீசன் முடிஞ்சதும் வெரசா காலி பண்ணிருங்க. செவுத்தை இடிச்சு ஒண்ணாக்கணும்." எனக்கு வேறு தொழில் தெரியாது.

மூக்கால் படித்தவர்

வெயில் எட்டிப் பார்த்ததும் சாக்கு விரித்து வாசலில் புத்தகங்களைப் பரப்பியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடி ரசித்தார். அது பூஞ்சை வாசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு நல்ல வியாபாரம் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

"இந்த வாசனை கம்ப்யூட்டர்ல வருமா சார்? புக்குன்னா புக்குதான்! ஆமா, பக்கத்துல பிரவுசிங் சென்டர் எங்க இருக்கு?"

மெரூன் இலக்கியம்

அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட் மேனேஜர், கணப்படுப்புக்கு மேலே வைக்க ஒரு அலமாரி நிறையப் புத்தகம் கேட்டார். நல்ல நாவல்களாகப் பொறுக்கி நீட்டினேன். சோபா மெரூன் நிறமாம், கலர் கலராக இருந்தால் கண்ணை உறுத்துமாம். மெரூன் அட்டை போட்ட சட்டப் புத்தகங்களைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர் சார்! கெஸ்ட் தொறந்து பார்த்துறாம எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டித் தருவீங்களா?"

பின்வாசல் வாடிக்கையாளர்

செல்லையா பழனிக்குப் போயிருந்த நாளில் அவர் மகன் பின்வாசல் வழியாக வந்தான். நான்தான் சீசன் முடிந்ததும் போகப்போகிறவன் ஆயிற்றே, என்னிடம் என்ன சோலி என்று பார்த்தேன். அரைமணி நேரம் துழாவி, சுயமாகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்றைப் பிடித்தான். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"கஸ்டமர் ஏதாச்சும் கேட்டா முழிக்க வேண்டியிருக்குண்ணே. நெட்டுல பாப்போம்னா கரண்டு நிக்க மாட்டேங்குது. அப்பாகிட்ட சொல்லிராதீங்க!"

சுவர் சொன்ன தீர்ப்பு

சீசன் முடிந்தது. நடுச்சுவரை அடைத்து நின்ற அலமாரிகளைக் காலி செய்து, புத்தகங்களை மூட்டை கட்டினேன். அந்த வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வேன் சொல்லலாம் என்று வெள்ளனே கடையைத் திறந்தால், செல்லையா குடைகூடப் பிடிக்காமல் ஓடி வந்தார். அந்தப் பக்கம் சுவர் வியர்த்து ஒழுகியதாம், கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடித்ததாம். அறிவியல் எனக்குத் தெரியாது. அவர் முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நீங்க எங்கயும் போக வேணாங்க. அந்தத் தடித்தடி புஸ்தகத்தைப் பழையபடி செவுத்தோரமா அடுக்கிருங்க. இத்தனை நாளும் அதுகதான் ஈரத்தைக் குடிச்சுக்கிட்டு கெடந்துருக்கு. ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு அதுகளை யாருக்கும் வித்துறாதீங்க!"

ஆக, படிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாத வரை, அச்சுப் புத்தகத்துக்கு எந்தக் காலத்திலும் மவுசு குறையாது.