கடைசிக் கூடை

கோபம் வந்தால் ஷாமிலாவுக்குப் பேச்சு வராது, விரல்கள்தான் கீபோர்டில் பேயாட்டம் போடும். டயகம தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். நுவரெலியாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் கொழுந்துத் தராசுக்கு டிரைவர் எழுதுகிறாள். தராசு காட்டும் எடையை டேப்லெட்டில் கொண்டு சேர்க்கும் நிரல் அது.

முதலில், தராசிலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டையும் வந்த கையோடு வாங்கிக் கொடுக்கும்படி எழுதினாள். எதுவும் தொலையவில்லை. ஆனால் பைட்டுக்கு ஒருதரம் கருவி விழித்ததில் மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது. முதலாளி ஞானரட்ணம் பஃபர் போடச் சொன்னார்: எடைகளைச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் மொத்தமாகக் கொடுப்பது. நிறையுமுன் யாராவது கருவியை நிறுத்தினால் உள்ளே இருப்பது போய்விடுமே என்றாள். யார் நிறுத்தப்போகிறார்கள் என்று சிரித்தார் அந்த மனிதர்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் நிறுத்தினார். அக்கரப்பத்தனையில் தராசு போன தோட்டத்துக்கு இருந்தது ஒரே பேட்டரி. கடைசிக் கூடை இறங்கியதுமே அதைக் கழற்றி அடுத்த மலைக்குக் கொண்டுபோவார்.

அங்கே பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தையை விட்டு வந்தவர்கள் முதலில் நிறுக்க, மற்றவர்கள் வழிவிடுவார்கள். எல்லாருக்கும் விட்டுக்கொடுத்துக் கடைசியில் நிற்பவள் நாகலெட்சுமி. தராசில் எடையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாள். டேப்லெட்டில் அது இருக்காது. மாதம் முழுக்க அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது, பாதிநாள் கூலி. சோம்பேறி என்று, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏசினார்கள்.

விஷயம் அலுவலகத்துக்கு வந்தபோது, கருவியை ஒழுங்காக நிறுத்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் ஞானரட்ணம். ஷாமிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை பேச்சும் வந்தது.

"ஆட்களத் திருத்த வேணாம் சேர். நாம எழுதுனதத் திருத்துவோம்."

பஃபரை வைத்துக்கொண்டே, ஒரு கூடையின் எடை நிலைத்தவுடன் அதை அனுப்பிவிடும்படி மாற்றினாள். பேட்டரியும் சாயங்காலம்வரை நின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருநாள் நின்று பார்த்திருந்தால் முதலிலேயே தோன்றியிருக்கும். நாற்காலியை விட்டு எழும்ப யாருக்கு மனம் வந்தது?

புதிய நிரலைப் போட அவளே மடுவத்துக்குப் போனாள். அங்கே வரிசை என்று ஒன்றும் இல்லை, ஒரே தள்ளுமுள்ளு. முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள் நாகலெட்சுமி. பிள்ளைக்காம்பராவில் குழந்தை வீரிட்டு அழுதது. அதன் தாய் கிருஷாந்தி, பால் கட்டிச் சட்டை நனைய, எல்லாருக்கும் பின்னால் நின்றாள்.

"இனி கடைசியில நின்னாலும் எட தொலையாதுக்கா. அவங்கள விடுங்க," என்றாள் ஷாமிலா.

"போன மாசமும் மெசினு சரின்னுதான் சொன்னாங்க புள்ள," என்றாள் நாகலெட்சுமி. இடத்தை விட்டு அசையவில்லை.

கடைசியாகக் கிருஷாந்தியின் கூடை ஏறியது. கணக்கப்பிள்ளை பேட்டரியைக் கழற்றினார். எடை டேப்லெட்டில் பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்கக் கிருஷாந்தி நிற்கவில்லை, அழுகை வந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.