அம்மாவின் காலை அமுக்காத மகள்

லண்டனில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்று மட்டும் புரியவேயில்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன கிழவிகளை மறுநாளே எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். அடப் பாவிகளா, ஈவு இரக்கம் கிடையாதா என்று மனசுக்குள் திட்டுவேன். ஒருநாள் ஒரு கிழவி கெண்டைக்கால் வலிக்கிறதென்று முனகினாள். நம் ஊர்க் கை சும்மா இருக்குமா? அமுக்கிவிடக் குனிந்தேன். "டோன்ட் ரப் இட்!" என்று வார்டு சிஸ்டர் ஓடிவந்து கத்தினாள். என் நிறத்தைப் பார்த்துத்தான் தொடாதே என்கிறாள் என்று எனக்கு அப்படியொரு கோபம். பிறகு அவளே உட்காரவைத்து விளக்கினாள். அசையாமல் கிடக்கிற காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். கால் வீங்கும், வலிக்கும். அமுக்கினால் கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைக்கும், நிமிஷத்தில் ஆள் போய்விடும். அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க ஊசி, அதனால்தான் மறுநாளே எழுப்புவது. 

அப்பா நினைவுக்கு வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகர் துணிக்கடையில் வேலை பார்த்தவர். நான் லண்டன் போவதற்கு முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன். ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும் என்றார்கள், கிடந்தார். ஒரு கால் வீங்கியது. அம்மா வேப்பெண்ணெயைச் சுடவைத்து உருவிவிட்டாள். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கனதான்" என்றார் அப்பா. சொன்ன சூட்டோடு மூச்சுத் திணறிப் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். "கடைசி மூச்சு வரைக்கும் அவுக காலு என் கையில இருந்துச்சு" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அந்த ஒரு ஆறுதலில்தான் அவள் காலம் ஓடியது.

போன வருஷம் அம்மாவே விழுந்துவிட்டாள். தந்தி கண்டு பறந்து வந்தேன். டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆபரேஷனுக்கு மறுநாளே அவளை உட்காரவைத்தேன். தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி பாதத்தை ஆட்டிக்கொண்டே இரும்மா என்று பிராணனை வாங்கினேன்.

"ஏட்டி, காலெல்லாம் கனக்கு. கொஞ்சம் அமுக்கி விடேன்."

"கூடாதும்மா. டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

"அப்பாவுக்கு டாக்டரைக் கேட்டா அமுக்கினேன்?"

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அம்மா தொடாமல் இருந்திருந்தாலும் அப்பா காலிலிருந்த அந்தக் கட்டி கிளம்பியிருக்கலாம், யார் கண்டது? ஆனால் சொல்லிவிட்டால் அதன்பின் அவளால் தன் கையையே பார்க்க முடியாது. தைலத்தோடு வந்த ஆயாவை, "தொடாதே!" என்று கத்தி நிறுத்தினேன். வார்டு சிஸ்டரின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது போல் எனக்கே பயமாக இருந்தது. "இன்னா பொண்ணும்மா இது! தானும் தொடாது, தொட வர்றவளையும் வுடாது" என்று ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அம்மா சுவர்ப் பக்கம் பார்த்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கனவில் அப்பா இன்னும் கொஞ்சம் கீழ என்கிறார். இன்றைக்கும் சொல்கிறார்.

கால் வீங்கவில்லை. அம்மா கோலூன்றி நடந்தாள். நான் கிளம்புகிற அன்று டாக்ஸி வந்து நின்றது. எதிர்வீட்டு அக்காவிடம் அம்மா எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "சீமைக்குப் போயி இவ மனசு மரத்துப்போச்சு. ஒருநாள்கூட என் காலைத் தொடல."

ஒரு கால் டாக்ஸிக்குள்ளும் ஒரு கால் தெருவிலுமாக நின்று கேட்டுக்கொண்டேன். அதைச் சொல்ல அம்மா வாசல்வரை தானே நடந்து வந்திருந்தாள்.