தராசு என்று ஒரு கம்ப்யூட்டர்

போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்குப் புது சர்வர் போடப் போயிருந்தேன். "மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?" என்று மேலாளரிடம் கேட்டேன். "ஏழு. எல்லாம் போன வருசம் வாங்குனது" என்றார். ஏழையும் இணைத்தேன். பாதுகாப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர்களுக்கான இணைப்பு முறையை சர்வரில் அடைத்துவிட்டுத் தேனிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை எடை போடும் செல்வி அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, தராசு வேல செய்யல. மலையிலருந்து காய் கொண்டாந்து எல்லாரும் நிக்கிறாக."

"அதுக்கு தராசு ரிப்பேர்காரரக் கூப்பிடுங்கக்கா" என்று எரிச்சலோடு வைத்துவிட்டேன்.

மேலாளரும் கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினேன். வாசல்வரை மூட்டைகளோடு வரிசை. தராசோடு வயரில் இணைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, சர்வர் கிடைக்கவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது.

"இத ஏன்க்கா யாரும் சொல்லல?"

"நீங்க கம்ப்யூட்டரத்தான கேட்டீக. இத நாங்க தராசுன்னுதான் சொல்லுவோம்."

அதற்கு மட்டும் பழைய வழியைத் திறந்துவிட்டேன். பத்து நிமிட வேலைதான்.

இப்போது எங்கு போனாலும் எண்ணிக்கை கேட்பதில்லை. அறை அறையாக நடந்து பார்க்கிறேன். ஆனால் அன்று வரிசையில் நின்றவர்கள் தராசில்தான் கோளாறு என்று பேசிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். தப்பு என்னுடையது என்று சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.