ஐந்து வருஷமாக ஒரே பதில்

சங்கமித்ராவின் டெஸ்ட் பச்சை காட்டிவிட்டால் பொம்மனஹள்ளி ஆபீஸில் மறுபேச்சு கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து ஐந்து வருஷத்தில் சம்பாதித்த பேர் அது. வீட்டில் வைக்கும் ஆக்ஸிஜன் மெஷினுக்கு அந்த ஆபீஸில்தான் மென்பொருள் எழுதினார்கள்; அதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. நோயாளிக்கு மூச்சு குறைந்தால் மெஷின் வீட்டாரின் போனுக்குச் செய்தி அனுப்பும். சுரங்க வேலையில் நெஞ்சு கெட்டுப்போன அப்பா தாஸுக்கும் பிடிவாதமாக ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

செய்தி அனுப்பும் பகுதி மென்பொருளில் தனித் துண்டாக இருக்கும். மென்பொருள் ஓடும்போதுதான் அதை உள்ளே செருகுவார்கள். டெஸ்டுக்கு டெஸ்ட் நிஜச் செய்தி அனுப்பி ஊரைக் கூட்ட முடியுமா? அதனால் அந்த இடத்தில் மாக் என்கிற போலியைச் செருகுவாள். சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் போலி. 'போய்ச் சேர்ந்தது' என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அதுவும் அலுக்காமல் அதையே சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை ரயில் போனுக்கு சிக்னல் கிடைக்காத இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. சிக்னல் வந்ததும் பக்கத்து வீட்டு லூர்துமேரியின் போன். தற்செயலாக எட்டிப் பார்த்தாளாம். தாஸின் உதடு நீலமாகிக் கிடந்ததாம். ஆட்டோவில் ஆஸ்பத்திரி சேர்த்தாயிற்று, உயிருக்கு பயமில்லை என்றாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தபடியே சங்கமித்ரா லேப்டாப்பில் அப்பாவுடைய மெஷினின் பதிவைத் திறந்தாள். 7.42: செய்தி போய்ச் சேரவில்லை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. மெஷின் மறுபடி முயலவில்லை. இரண்டாவது எண்ணாகக் கொடுத்திருந்த லூர்துமேரிக்கும் சொல்லவில்லை.

மாக்கின் பதிலை 'போய்ச் சேரவில்லை' என்று மாற்றி டெஸ்டை ஓட்டினாள். சிவப்பு. செய்தி போகாவிட்டால் என்ன செய்வதென்று மென்பொருளுக்குத் தெரியவே இல்லை. அடிப்பாவி, ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்தப் போலியை இல்லையென்று சொல்ல வைத்திருக்கக் கூடாதா!

டீம் லீட் ஸ்ரீஹர்ஷாவைப் போனில் கூப்பிட்டாள். டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே என்று அவன் குழம்பினான்.

"பாஸ் ஆக வெச்சதே நான்தான். மெஷின் இருக்கற எல்லா வீட்டுக்கும் இப்பவே போன் பண்ணுங்க."

ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறந்திருந்தார். நடுவில் ஒரே சுவர்தானே, லூர்துமேரியை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே என்று அழுதாள்.

"எதுக்கும்மா கூப்டணும்? நீ பண்ண மெஷினாச்சே. உனக்கு சொல்லியிருக்கும்னு பேசாம படுத்திருந்தேன்."