தனிஸ்லாஸ் சார் இருக்காரா?

ஐரினுக்குச் சந்தேகம் என்பது பல் துலக்குவது மாதிரி அன்றாடக் காரியம். கேஸ் சிலிண்டர் வந்தால் மூடியிலிருக்கும் சீலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். காய்காரர் தராசில் கல்லை வைக்கும்போது அவர் கையைப் பார்க்கமாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக இருக்கிறாள். பிறந்த தேதியைப் பிளேடால் சுரண்டித் திருத்திய சான்றிதழ்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தே கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பழக்கம் வில்லாபுரத்தில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கும் அவள் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது.

கணவன் டோனிக்கு அது முதலில் தொந்தரவாக இருந்தது. பிறகு தேவையாகிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தெப்பக்குளம் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தான். கடை மூழ்கிக்கொண்டிருந்ததை வீட்டில் சொல்லாமல் வட்டிக்கு வாங்கி வாங்கி முட்டுக்கொடுத்தான். ஒருநாள் காலையில் இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்து வாசல் கேட்டை மறித்து உட்கார்ந்தபோதுதான் ஐரினுக்குச் செய்தியே தெரியும். அவள் நகையில் ஆறு பவுன் போனது. மாமனார் தனிஸ்லாஸ், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கையிலிருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்துக் கேட்டைத் திறக்க வைத்தார்.

அன்று அவருக்கு முன்னால் ஐரின் சொன்னாள். "இனி சம்பளக் கவரைப் பிரிக்காம எங்கையில குடுக்கணும். எனக்குத் தெரியாம இன்னொரு தடவ ஒரு ரூவா கடன் வாங்குனாலும், பிள்ளையக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல்லுக்கு அவ அம்மாச்சி வீட்டுக்குப் போயிருவேன். சண்டை போடமாட்டேன். போயிருவேன்."

டோனி தலையை ஆட்டினான். அப்பா மகனைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்து, "நியாயம்தாம்மா," என்றார். இரண்டு வருடம் கழித்து இறந்தும் போனார். டோனி பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தான். அன்றிலிருந்து மாதம் பிறந்தால் கவர் வந்தது, பின் அடித்தபடியே.

இந்த அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐரின் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் வந்தது. தெரியாத நம்பர்.

"தனிஸ்லாஸ் சார் இருக்காரா மேடம்?"

இளம் பெண் குரல். ஐரின் மூடியைத் திரும்ப வைத்தாள். "நீங்க யாரு?"

"ஃபைனான்ஸ்லருந்து சரண்யாதேவி பேசுறேன். மிஸ்டர் தனிஸ்லாஸ் வாங்குன லோன்ல மூணு டியூ நிக்குது. சார் லைனுக்கே வரமாட்டேங்குறாரு."

"வரமாட்டாரு. அவரு செத்து ஏழு வருஷமாச்சு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஸாரி மேடம். ஆனா லோன் பிப்ரவரியில வாங்கியிருக்காரே. இன்னொரு நம்பர்னு கேட்டதுக்கு உங்க நம்பரை அவர்தான் குடுத்திருக்காரு."

"பிப்ரவரியிலயா?"

"ஆமா மேடம். இந்தப் பிப்ரவரி."

"யாரு வாங்குனா, எம்புட்டு, எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. பாக்குறேன்."

"அதெல்லாம் வாங்குனவருகிட்டதான் சொல்ல முடியும் மேடம்."

சாயங்காலம் டோனி கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். அவன் துண்டால் விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஃபிராடு," என்றான். "எடுக்காத. பிளாக் பண்ணிரு."

"மாமா பேரு எப்புடித் தெரியும் அவளுக்கு?"

"செத்தவங்க பேருல இப்ப என்னென்னமோ நடக்குது ஐரினு. பேப்பர்ல வருதுல்ல."

"அப்ப போலீஸ்ல எழுதிக் குடுத்துருவோம்."

"அதுக்கு நாலு நாள் அலையணும். விடு."

ஐரின் அவனைப் பார்த்தாள். போன வருடம் வாசலில் வைத்த ஹெல்மெட் காணாமல் போனதற்கே ஸ்டேஷனுக்கு மூன்று முறை நடந்தவன் அவன். அவன் பத்து விரலையும் துடைத்து முடித்துவிட்டு மறுபடி முதல் விரலிலிருந்து துடைக்க ஆரம்பித்திருந்தான்.

நம்பரை பிளாக் செய்தாள். அடுத்த நாள் வேறு நம்பரில் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்றில். நேரமும் மாறி, தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் டோனி பால் வாங்கவோ, வண்டிக்குக் காற்றடிக்கவோ கீழே போய்விடுவான்.

அடுத்த வாரத்துக்குள் ஐரினுக்கே பேச்சு பழகிவிட்டது. "எம்மா, நேர்ல பேசுனாத்தான் ஆகும்னா நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் தோட்டத்துக்கு வா. அன்னிக்குக் கல்லறைத் திருநாள், நாங்களும் பூப்போட வருவோம். எந்தக் கல்லுன்னு காட்டுறேன். கேட்டுக்க."

சரண்யாதேவி கோபப்படவில்லை. அதுதான் ஐரினை உறுத்தியது. ஏமாற்றுக்காரி என்றால் இந்நேரம் குரலை உயர்த்தியிருப்பாள், இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடிப் போயிருப்பாள். இவளோ பாடம் ஒப்பிப்பது மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அவரோட நம்பர்ல கூப்பிட்டப்ப ஒரு சார் எடுத்து இதத்தான் மேடம் சொன்னாரு. தவறிட்டாரு, இறப்புச் சான்றிதழ் அனுப்புறேன்னாரு. இன்னும் அனுப்பல. அது வந்தா நாங்க ஏன் மேடம் கூப்பிடப் போறோம்?"

"எந்த சாரு?"

"மகன்னு சொன்னாரு."

தனிஸ்லாஸுக்கு ஒரே மகன்.

போனை வைத்துவிட்டு ஐரின் பீரோவைத் திறந்தாள். சான்றிதழ்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவள் அடுக்கிய வரிசையில் இருக்கும். மாமனாரின் இறப்புச் சான்றிதழ் இருந்தது. ஆனால் தலைகீழாக இருந்தது. அவள் எந்தத் தாளையும் அப்படி வைத்ததில்லை.

பால் பாக்கெட்டோடு டோனி மேலே வந்ததும் நேராகக் கேட்டாள். "உங்களுக்கும் போன் வந்துச்சாமே."

அவன் பாக்கெட்டை மேடையில் வைத்தான். "வந்துச்சு. உனக்கு எதுக்கு டென்ஷன்னு சொல்லல."

"எனக்கு டென்ஷன் வேணாம்னு எனக்கே சொல்லாம விட்டீங்க. சரி. மாமா ஆதாரு கார்டு, பான் கார்டு எதையாச்சும் யாருகிட்டயாச்சும் குடுத்தீங்களா?"

"எங்கப்பா பேருல நான் லோன் வாங்குவேனா?" முகம் சுருங்கிவிட்டது. "அம்புட்டுக் கேவலமாப் போயிட்டேனா நானு?"

அந்தச் சுருக்கம் பொய்யில்லை என்று ஐரினுக்குப் பட்டது. சுரண்டலும் தெரியாத, ஆனாலும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாத சான்றிதழ் மாதிரி இருந்தது அவன் முகம். இரண்டு நாள் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி அலுவலகத்துக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். பெயர் கருத்தக்கண்ணன். மகள் தமிழ்ச்செல்வி இங்கே விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மடியிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நேத்து போன்ல கூப்பிட்டு வேற சொன்னாய்ங்க."

ஐரின் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். வாங்கிப் படித்தாள். 'அன்புள்ள கருத்தக்கண்ணன், மாநில அளவிலான கட்டுரைப் போட்டியில் தாங்கள் இரண்டாம் இடம் பெற்றதற்கு வாழ்த்துகள்.'

"நான் எட்டாப்பு ஃபெயிலு," என்றார் அவர். "அதுலயும் தமிழ்லதான் ஃபெயிலு. இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு. பரிசு குடுக்குறேன்னு சொல்லி மாட்டைப் பிடிச்சுட்டுப் போயிருவாய்ங்களோன்னு எங்க வீட்டுல பயப்படுறா."

ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, இது உங்களுக்கு இல்ல. தமிழ்ச்செல்விக்கு."

"அப்பறம் எம்பேரச் சொல்லிக் கூப்பிடுறாய்ங்க?"

"கம்ப்யூட்டர்ல இனிஷியலைச் சும்மா போட முடியாதுண்ணே. முதல் பேருன்னு ஒரு கட்டம், கடைசிப் பேருன்னு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்துல அப்பா பேரை விரிச்சுப் போட்டுருவோம். வெளியூர்க்காரங்களுக்கு அந்தக் கடைசிப் பேருதான் பேரு. பிள்ளையக் கூப்பிடுறதா நெனைச்சுக்கிட்டு அப்பனைக் கூப்பிட..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

"அப்ப எம் மக வாங்குன பரிசு எம்பேருக்கு வருது," என்று கருத்தக்கண்ணன் தனக்குத்தானே தெளிவுபடுத்திக்கொண்டார். "நல்லவேள டீச்சரம்மா, பரிசா வந்துச்சு. அது பாட்டுக்குக் கடன் கிடன் வாங்கியிருந்தா எவன் வந்து என் சட்டையப் பிடிப்பானோ."

அவர் போன பிறகு ஐரின் வெகுநேரம் எதையும் தட்டச்சு செய்யவில்லை. டோனியின் பான் கார்டுக்கு விண்ணப்பம் நிரப்பியது அவள்தான். கடைசிப் பெயர் கட்டாயம் என்று போட்டிருந்த கட்டத்தில், எழுத்துக்கொரு பெட்டியாக, 'தனிஸ்லாஸ்' என்று ஆங்கிலத்தில் நிரப்பியது அவள் கை.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. டைல்ஸ் கடைக் கவரில் கல்லாவிலிருந்து எடுத்த பணம் இருக்கும். கிழிந்த பத்து, பிசுபிசுத்த நூறு, எல்லாவற்றிலும் லேசாகச் சிமெண்டுப் பொடி. இந்த வருடம் மார்ச்சிலிருந்து கவரில் பாதிக்குக் கிட்ட ஐநூறு ரூபாய்த் தாள்கள், மடிப்புக் கலையாமல், ஏடிஎம்மிலிருந்து எடுத்த மாதிரி. கடைக்காரருக்கும் ஒருவழியாகச் சுத்தம் வந்துவிட்டது என்று நினைத்து அப்போது அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டதுதான் அவளுக்கு இப்போது எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம், மகள் டியூஷனுக்குப் போயிருந்த நேரம், டோனி வந்தபோது பரண்மேல் கிடந்த பயணப் பை கூடத்து நாற்காலியில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். கால் கழுவப் போகவில்லை.

"எம்புட்டு?" என்றாள் ஐரின்.

பொய் சொல்லத் தெரிந்தவன் இன்னொரு கேள்வி கேட்டிருப்பான். டோனி சுவரோரம் உட்கார்ந்தான். "அறுபது."

"எதுக்கு?"

"உங்கிட்டக் குடுக்கத்தான்."

ஐரின் மின்விசிறியை நிறுத்தினாள்.

"பிப்ரவரியில மொதலாளி சம்பளத்துல ஏழாயிரத்தக் குறைச்சுட்டாரு. யாவாரம் இல்ல, இஷ்டம்னா இரு, இல்லாட்டிப் போன்னுட்டாரு. குறைஞ்ச கவரக் கொண்டுவந்தா நீ என்ன நெனைப்ப? பிரிச்சுட்டான், பழைய வேலைய ஆரம்பிச்சுட்டான்னுதான நெனைப்ப? அதான் போன்லயே லோன் போட்டு, மாசாமாசம் அந்த ஏழாயிரத்த உள்ள வச்சு, நானே பின்னடிச்சுக் குடுத்தேன்."

"அதுலதான் டியூவும் கட்டுனீங்க."

"ஆமா. அது தீந்துபோச்சு."

"மாமா எங்க வந்தாரு இதுல?"

அவன் தரையைப் பார்த்தான். "மொத தடவ அந்தப் பிள்ள, தனிஸ்லாஸ் சார் இருக்காரான்னு கேட்டுச்சு. சத்தியமாப் புரியல. அவரு செத்துட்டாருன்னு சொன்னேன். ஸாரி சார்னு வச்சிருச்சு. வச்ச பெறகுதான் வெளங்குச்சு, அது என்னையக் கேட்டுருக்குன்னு. அப்பறம்..." நிறுத்தினான். "அப்பறம் அப்பிடியே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"என்னையும் சொல்ல விட்டீங்க. மகராசன், உசுரோட இருந்தப்ப கேட்டைத் திறக்க வச்சாரு. செத்த பெறகும் அவரையே வாசல்ல நிப்பாட்டி வச்சிருக்கீங்க."

டோனி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துத் தரையில் வைத்தான். இறப்புச் சான்றிதழின் நகல். மடிப்பில் நைந்திருந்தது. "அனுப்பல. பத்து நாளா பையிலயே இருக்கு. மனசு வரல."

"மனசு வரலையா, தைரியம் வரலையா?"

அவன் யோசித்தான். "தெரியல ஐரினு. ரெண்டுல ஒண்ணு."

அந்தப் பதிலைத்தான் அன்றைக்கு அவள் முதலில் நம்பினாள். ஆறரை ஆனது. போன் ஒலித்தது. டோனி பழக்கத்தில் எழுந்து கதவுப் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டு நின்றான்.

ஐரின் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தனிஸ்லாஸ் சார் இருக்காரா மேடம்?"

"இருக்காரு. ஒரு நிமிஷம் இரும்மா." போனை அவன் பக்கம் நீட்டினாள். மற்றதை உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள். "திண்டுக்கல் பஸ்ஸு கால்மணிக்கு ஒண்ணு இருக்கு. நான் போறதா வேணாமான்னு நீங்க பேசி முடிச்ச பெறகு சொல்றேன்."

அவன் போனை வாங்கினான்.

"சார்? மிஸ்டர் தனிஸ்லாஸா பேசுறது?"

"இல்லங்க. தனிஸ்லாஸ் எங்கப்பா. அவரு செத்துட்டாரு, அது நெசந்தான்." மூச்சு வாங்கினான். "லோன் வாங்குனது நான். டோனி. இத்தன நாளா பேசுனதும் நான்தான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. "சரி சார். சிஸ்டத்துல தனிஸ்லாஸ்னுதான் சார் காட்டுது. நீங்க எப்ப சார் கட்டுவீங்க?"

டோனி மனைவியைப் பார்த்தான். இந்த மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் முடியாது, முடியாததை முடியும் என்று சொல்லாதே என்று அவள் விரலாலும் முகத்தாலும் சொன்னாள். அவன் அப்படியே சொன்னான். சரண்யாதேவி மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நன்றி சொன்னாள். வைக்கப் போனாள்.

"இரும்மா," என்று ஐரின் குனிந்து போனுக்குள் சொன்னாள். "கடன் எங்களதுதான். அத மெல்ல அடைக்கிறோம். ஆனா இனிமே கூப்பிட்டா டோனின்னு கேட்டுக் கூப்பிடணும். பேர் திருத்தத்துக்கு என்னென்ன தாளு வேணும்னு ஒரு மெசேஜ் போட்டு விடு."

பை அன்று ராத்திரி நாற்காலியிலேயே இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, அதைப் பரணில் ஏற்றும்படி டோனியிடம் சொன்னாள். அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று கையை நீட்டினான். கொடுப்பதற்கு முன்னால் ஐரின் ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டு, நான்கு மூலையிலும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.